பிடியரிசியும் வேலிப் பொட்டும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன. கோயிலில் கேட்கிற அன்பை வீட்டில், வயலில், கடன் புத்தகத்துக்குள் எங்கே போய்த் தேடுவது என்று கேட்கிறீர்கள். நான் சுவாமியாரும் இல்லை, சிஸ்டரும் இல்லை. இலங்கையின் வடக்கே வன்னிப் பள்ளிக்கூடங்களில் முப்பது வருடம் படிப்பித்துவிட்டு இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி எடுக்கிற ஒரு ரீச்சர், அவ்வளவுதான். அதனால் பதிலில் கொஞ்சம் ஏச்சும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர்களைப் போடவில்லை, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். எங்கள் பக்கம் ஊரைப் போட்டாலே ஆள் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் இரண்டொரு ஊரை மாற்றியும் இருக்கிறேன்.

கேள்வி (தருமபுரம்): ரீச்சர், நாலரைக்கு எழும்பிச் சமைத்து வைத்துவிட்டு கார்மென்ட் பஸ் பிடித்தால் வீடு வந்து சேர இரவு ஏழு மணி. இரண்டு பிள்ளைகள், ஏலாத அம்மா. செபமாலையைக் கையில் எடுத்தால் இரண்டாவது பத்துக்குள் நித்திரையாகிவிடுகிறேன். கன்னியர் மடத்தில் நின்று படித்த காலத்தில் எவ்வளவு பக்தியாக இருந்தேன்! என் விசுவாசம் செத்துக்கொண்டு போகிறதா?

பதில்: இல்லை மகள், உங்களுக்கு நித்திரை காணாது, அவ்வளவுதான். குழந்தை தெரேசாள் மடத்துக்குள்ளேயே இருந்தவர், கார்மென்ட் பஸ்ஸும் கிடையாது, அவரே செப நேரத்தில் தூங்கிவிடுவேன் என்று எழுதி வைத்திருக்கிறார். பிள்ளை விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றவர்களுக்குப் பிள்ளைதானே என்று சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டவர். அவரைத் திருச்சபை புனிதர் ஆக்கியிருக்கும்போது உங்களை யார் கணக்குக் கேட்கப் போகிறார்கள்? எலியா இறைவாக்கினரின் கதையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள் (முதலாம் அரசர் நூல், 19ஆம் அதிகாரம்). செத்துப்போனால் போதும் என்று சூரைச் செடியின் கீழே படுத்தவரிடம் வந்த சம்மனசு, வானதூதர், பிரசங்கம் வைக்கவில்லை, ஏன் செபிக்கவில்லை என்றும் கேட்கவில்லை. எழும்பிச் சாப்பிடு என்று சுட்ட அப்பமும் ஒரு குவளை தண்ணீரும் வைத்தது. அவர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துவிட்டார். சம்மனசு இரண்டாம் முறையும் வந்து சாப்பாடுதான் கொடுத்தது.

சரி, உங்களால் செய்யக்கூடிய ஒன்று சொல்கிறேன். எங்கள் அம்மம்மா அரிசியை அளந்து அரிச்சட்டியில் போட்ட பிறகு, தண்ணீர் ஊற்றுவதற்கு முதல், ஒரு பிடி திருப்பி எடுத்து அடுப்படி மூலையில் இருக்கிற முட்டிக்குள் போடுவா. பிடியரிசி. சைவக்காரர் வீடுகளிலும் கோயிலுக்கென்று இப்படி எடுத்து வைப்பார்கள், எங்களுக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. போடும்போது அவ வாய்விட்டு எதுவும் சொல்லமாட்டா, உதடு மட்டும் ஒருமுறை அசையும். சனிக்கிழமை முட்டியைக் கவிழ்த்தால் கிட்டத்தட்ட இரண்டு சுண்டு வரும். அது யார் வீட்டுக்குப் போகும் என்பது அவவுக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போகிற எனக்கும் மட்டும் தெரிந்த இரகசியம். வீட்டில் அரிசி குறைந்த நாளிலும் பிடி எடுப்பா, பிடி கொஞ்சம் சின்னதாக இருக்கும். இதைச் சின்னப் பிள்ளையின் கையால் எடுப்பியுங்கள். செபமாலையை முழுக்க முடிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள், பஸ்ஸில் ஒரு பத்து போதும். ஞாயிறு பகல் பிள்ளைகளை அம்மாவோடு விட்டுவிட்டு ஒரு மணித்தியாலம் படுங்கள், அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லத் தேவையில்லை.

கேள்வி (வட்டக்கச்சி): போர் முடிந்து 2010இல் மீளக்குடியேறி வந்தபோது எல்லையில் வேலிக்கு நட்ட கதியால் தடி எல்லாம் பட்டுப்போய்க் கிடந்தது. பக்கத்துக் காணிக்காரர், எங்களுக்குச் சொந்தமும்கூட, எங்களுக்கு முதல் வந்தவர், தன் எண்ணத்துக்கு வேலியைப் போட்டுவிட்டார். ஒன்றரை முழம் எங்கள் பக்கம் வந்துவிட்டது. அன்றிலிருந்து கதை பேச்சு இல்லை. இரண்டு குடும்பமும் ஒரே கோயில், ஒரே பூசை. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் நான் மற்றப் பக்கம் திரும்பி நிற்கிறேன். மன்னிக்க வேண்டும் என்று தெரிகிறது, மனம் வரவில்லை.

பதில்: அண்ணை, முதலில் காணியையும் மன்னிப்பையும் இரண்டாகப் பிரியுங்கள். மன்னிப்பது என்றால் ஒன்றரை முழத்தை விட்டுக்கொடுப்பது என்று யார் சொன்னது? ஒரு உரப்பையும் இரண்டு பானையுமாகக் கிராமம் கிராமமாக ஓடித் திரிந்தவர்களுக்குக் காணி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், அதை விளையாட்டாகச் சொல்ல மாட்டேன். காணிப் பெர்மிட்டை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போங்கள், சேவையரைக் கொண்டு அளப்பியுங்கள். அதுக்கும் சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது, 1988இல் வந்த சட்டத்தின்படி நடப்பது, நீதிமன்றப் படி ஏறாமல் இருத்திவைத்துக் கதைக்கிற இடம். இதில் எதுவும் கிறிஸ்தவனுக்கு ஆகாத வேலை இல்லை. குரல் உயர்த்தாமல் போய்க் கேளுங்கள், அவ்வளவுதான்.

மற்றது மனம். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் காணிக்கையைப் பீடத்தடியில் வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானம் ஆகு என்று ஆண்டவர் சொல்கிற இடத்தைக் கவனமாக வாசியுங்கள். உனக்கு உன் சகோதரன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அதில் இல்லை. அவனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால் என்றுதான் இருக்கிறது. யார் பக்கம் நியாயம் என்ற கேள்வியே அங்கே கேட்கப்படவில்லை. நினைவு யாருக்கு வருகிறதோ அவர் எழும்ப வேண்டும். உங்களுக்கு வந்திருக்கிறது, கடிதமே எழுதிவிட்டீர்கள்.

எங்கள் வீட்டு வேலி ஒன்றைச் சொல்கிறேன். கிளுவங்கதியால் போட்டுக் கிடுகு கட்டின வேலி, அதில் ஒரு பொட்டு, ஆள் குனிந்து போகிற அளவு இடைவெளி. கோழி, குழந்தை, கறிச்சட்டி எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. குனிந்து போகும்போது பிடிக்கிற கதியால் மட்டும் கைபட்டுக் கைபட்டு எண்ணெய் பூசின மாதிரி வழுவழுப்பாக இருக்கும். ஒருமுறை அவர்களின் ஆடு வந்து அம்மாவின் கத்தரிக்கன்று பதினாறையும் மொட்டையாக்கிவிட்டது. வாய்த்தர்க்கம் முற்றி, அம்மா அந்தப் பொட்டுக்குள் இலந்தை முள்ளை வெட்டிச் செருகிவிட்டா. மூன்று கிழமை. முற்றம் கூட்டுகிற சத்தத்திலேயே இரண்டு வீட்டுக் கோபமும் தெரியும். நாலாம் கிழமை ஒரு நாள் சாமத்தில் அந்த வீட்டு அக்கா, "பிள்ளைக்கு வலிப்பு வந்திட்டுது, ஐயோ" என்று கத்தினா. ஒழுங்கையால் சுற்றிப் போனால் நாலு நிமிடம் பிடிக்கும். அம்மாதான் முதலில் எழும்பினா. விளக்கும் இல்லை, அந்த முள்ளைக் கையாலேயே பிடித்து இழுத்து எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டா. பிள்ளை பிழைத்தது. விடிந்த பிறகு அம்மா கிணற்றடியில் நின்று உள்ளங்கையில் இருந்து முள் பிடுங்க, அந்த அக்கா பக்கத்தில் ஊசியும் வேப்பெண்ணெயுமாக நின்றா. மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு பேரும் கடைசிவரை வாயால் சொல்லவில்லை. முள்ளைத் திருப்பிச் செருகவும் இல்லை. கத்தரிக்கன்றுக்கு மட்டும் அப்பா தனியாக ஒரு அடைப்புக் கட்டினார்.

அம்மாவுக்கு அன்றிரவு கோபம் ஆறியிருந்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் நினைக்கிறேன். கை முன்னுக்குப் போனது, மனம் ஆறுதலாகப் பின்னால் வந்தது. நீங்களும் மனம் வரும்வரை காத்திருக்காதீர்கள். அடுத்த ஞாயிறு சமாதானம் சொல்லும்போது திரும்பி நிற்காமல் தலையை மட்டும் ஆட்டுங்கள், சிரிக்கத் தேவையில்லை. காலபோக அறுவடை முடிந்ததும் ஒரு பெட்டி புது அரிசியைப் பேரப்பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள். வாங்கமாட்டார்களா? திருப்பி அனுப்பினால் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு அடுத்த போகத்துக்கும் அனுப்புங்கள். தயவுசெய்து மதில் மட்டும் கட்டிவிடாதீர்கள். இப்போது எல்லோரும் சீமெந்துக் கல் அடுக்குகிறார்கள், அதில் பொட்டு வைக்கவே முடியாது.

கேள்வி (முள்ளியவளை): 2009இல் எனக்கு எட்டு வயது. அப்பாவும் தங்கச்சியும் கடைசிப் போரில் மாத்தளனில் செத்துப்போனார்கள். அம்மா இன்றைக்கும் ஒவ்வொரு பின்னேரமும் முழந்தாளில் இருக்கிறா. கடவுள் அன்பானவர் என்று பிரசங்கத்தில் கேட்டாலே எனக்கு எரிச்சல். அம்மாவுக்காகத்தான் கோயிலுக்குப் போகிறேன். நான் நடிக்கிறேனா?

பதில்: தம்பி, ஏன் அப்படி நடந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பதில் இருக்கிறது என்று யாராவது வந்தால், அது சோதனை, அது பாவத்துக்குத் தண்டனை, அது திட்டம் என்று ஆரம்பித்தால், எழும்பி வெளியே போய்விடு. நான் ஒருமுறை அப்படி எழும்பிப் போயிருக்கிறேன், அதுவும் பிரசங்கத்தின் நடுவில்.

உன் எரிச்சலை வேதாகமம் உனக்கு முதலே எழுதி வைத்திருக்கிறது. 88ஆம் திருப்பாடலை எடுத்து வாசி. மற்றப் புலம்பல் பாடல்களில் அநேகமானவை எப்படி அழுதாலும் கடைசியில் ஒரு நம்பிக்கைக்கோ புகழ்ச்சிக்கோ வந்துவிடும், இது வராது. இருட்டிலேயே தொடங்கி இருட்டிலேயே முடிந்துவிடும். அதைக் கிழித்து எறியாமல் இத்தனை நூற்றாண்டு செபப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். சிலுவையில் ஆண்டவர் கத்தினதும் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பதுதான், அதுக்கும் மேலிருந்து ஒரு குரலும் வந்ததாக எழுதவில்லை.

நானும் அங்கே நின்றேன். வலைஞர்மடத்தில் தறப்பாளுக்குக் கீழே, பங்கருக்குள், என் கடைசி மகளோடு. கஞ்சி கொடுக்கிற இடத்தில் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு திரும்பும்போது எங்கேயோ ஒரு ஷெல் விழ, கை உதறி என் பேணியில் இருந்தது முழுக்க மணலில் ஊற்றுப்பட்டுவிட்டது. திரும்ப வரிசைக்குப் போக முடியாது, கிடாரம் காலி. மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகைகூட வரவில்லை. பின்னால் வந்த ஒரு மனுசி, நெற்றியில் திருநீறு, என்னிலும் வயது குறைவு, ஒரு சொல்லும் கேட்காமல் தன் பால்மாப் பேணியைச் சரித்து என் பேணிக்குள் பாதியை ஊற்றினா. பாதிதானா என்று தூக்கி ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு இன்னும் ஒரு வாய் ஊற்றினா. "பிள்ளைக்குக் குடுங்கோ" என்றா, போய்விட்டா. பெயர் தெரியாது. இருக்கிறாவா என்றும் தெரியாது. பிறகு எங்களை வைத்திருந்த மெனிக் பாம் அகதி முகாமில் எத்தனையோ முகங்களுக்குள் தேடினேன், காணவில்லை.

இது உன் அப்பாவுக்கும் தங்கச்சிக்கும் பதில் இல்லை. அப்படி நான் சொன்னால் என் வாயிலேயே அடிக்க வேண்டும். ஆனால் கடவுளின் அன்பை எங்கே கண்டாய் என்று என்னை யாராவது கேட்டால், அந்த இரண்டாம் முறை ஊற்றின ஒரு வாய் கஞ்சியைத்தான் காட்டுவேன், வேறு எதையும் காட்ட என்னிடம் இல்லை. அந்த நாட்களில் தப்பிப் போகக்கூடியவர்களாக இருந்தும் சனத்தோடு நின்ற குருக்கள் இருந்தார்கள். அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் 2009 மே 18ஆம் திகதி மக்களோடு படையினரிடம் போனவர், இன்றுவரை திரும்பவில்லை.

நீ நடிக்கவில்லை. அம்மாவுக்காக ஒருத்தன் வெயிலில் சைக்கிள் மிதித்து, கேட்கப் பிடிக்காத பிரசங்கத்தை ஒரு மணித்தியாலம் கேட்டுவிட்டு வருகிறான் என்றால் அதுக்கு வேறு பெயர் இருக்கிறது, அந்தப் பெயரைக் கேட்டால் உனக்கு எரிச்சல் வரும் என்பதால் எழுதாமல் விடுகிறேன். மாற்கு நற்செய்தியில் ஒரு தகப்பன், நம்புகிறேன், என் நம்பிக்கையின்மைக்கும் உதவி செய்யும் என்று கேட்கிறார். பாதி நம்பிக்கையோடு வந்தவரை ஆண்டவர் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைச் சுகமாக்கினார். மே மாதம் அந்த நாட்களின் நினைவாகக் கஞ்சி காய்ச்சுகிற இடத்துக்குப் போ. செபிக்க வேண்டாம். அகப்பையை வாங்கி ஊற்று.

கேள்வி (புதுக்குடியிருப்பு): நான் கிறிஸ்தவள், அவர் சைவம். மாமி வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குக் கூப்பிடுகிறா. எங்கள் சபைப் பாஸ்டர் அந்தப் பக்கமே போகக் கூடாது என்கிறார். மாமி நல்லவ. என்ன செய்ய?

பதில்: பாஸ்டருக்கு அவருடைய மனச்சாட்சி, அதைப் பழிக்க மாட்டேன். என்னைக் கேட்டதால் என் எண்ணத்தைச் சொல்கிறேன். கும்பிட முடியாததைக் கும்பிட வேண்டாம், அதை மாமியிடம் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆனால் கூடப் போங்கள். வயதான மனுசி அந்தச் சன நெரிசலுக்குள் பானையும் விறகும் தூக்கிக்கொண்டு தனியாகத் தவிக்க, நீங்கள் வீட்டில் இருந்து வேதாகமம் வாசிப்பது எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. கடல்நீரில் விளக்கு எரிகிற அந்தக் கோயில் கதையை மாமி சொல்லும்போது காது கொடுத்துக் கேளுங்கள். எங்கள் மடு மாதா கோயிலுக்கு ஆவணியில் வருகிறவர்களில் எத்தனை பேர் சைவம், எத்தனை பேர் தெற்கில் இருந்து வருகிற பௌத்தர்கள்! அவர்களை வாசலில் நிறுத்தி யாரும் ஞானஸ்நானப் பத்திரம் கேட்பதில்லை. அடுத்த முறை மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள், வருவா.

கேள்வி (பரந்தன்): இரண்டு குழுக்கடன், கிழமைக்குக் கிழமை கட்டு, தவணைப் பணம். நான் போகிற செபக் கூட்டத்தில் வருமானத்தில் பத்தில் ஒன்று கட்டாயம் என்கிறார்கள். கொடுத்தால் கடன் தானாகத் தீருமாம். ஏழை விதவையின் இரண்டு காசைச் சொல்லிக் கேட்கும்போது மறுக்க முடியவில்லை. நானும் விதவைதான்.

பதில்: கொடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. கொடுத்தால் கடன் தீரும் என்று சொல்கிறவரிடம், அப்படியென்றால் நீங்கள் என் கட்டைக் கட்டுங்கள், உங்களுடையது தீரட்டும் என்று கேட்டுப் பாருங்கள்.

அந்த விதவையின் கதை மாற்கு 12ஆம் அதிகாரத்தின் கடைசியில் வருகிறது. அதைச் சொல்கிறவர்கள் அதுக்கு முதல் வசனத்தை வாசிக்கவே மாட்டார்கள். கைம்பெண்களின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட செபம் செய்வதாக நடிக்கிறவர்களுக்குக் கடுமையான தீர்ப்பு வரும் என்று ஆண்டவர் சொல்லி வாய் மூடவில்லை, அந்தக் கைம்பெண் வந்து தன் கடைசிக் காசைப் பெட்டியில் போடுகிறாள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடப்பது சும்மா இல்லை என்றுதான் நான் படிப்பிக்கிறேன். அதே நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் கொர்பான் என்று ஒரு கதை வருகிறது. இது கடவுளுக்கு நேர்ந்தது என்று சொல்லிப் பெற்ற தாய் தகப்பனுக்குக் கொடுக்காமல் விடுகிறவர்களை அவர் ஏசுகிறார். பிள்ளையின் சாப்பாட்டுக் காசு காணிக்கை இல்லை, அம்மா.

ஒரு கொப்பி எடுத்து இரண்டு கடனையும் எழுதுங்கள். வாங்கினது எவ்வளவு, கட்டினது எவ்வளவு, வட்டி எவ்வளவு, எல்லாம். நல்ல சமாரியன் கதையில்கூடக் கணக்கு இருக்கிறது. இரண்டு தெனாரியம், அந்தக் காலத்தில் இரண்டு நாள் கூலி, சத்திரக்காரன் கையில் எண்ணிக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். கொப்பியோடு உங்கள் ஊர்ப் பெண்கள் சங்கத்துக்குப் போங்கள், தனியாகக் கட்டு அறவிட வருகிறவன் முன்னால் நிற்காதீர்கள். ஒரு கடனை அடைக்காமல் மூன்றாவதை மட்டும் எடுத்துவிட வேண்டாம்.

கேள்வி (மாங்குளம்): மகளுக்கு முதல் நன்மை, முதன்முதல் நற்கருணை வாங்குகிற நாள். எல்லாரும் கொழும்பில் எடுத்த வெள்ளைச் சட்டை போடுகிறார்கள். கடன்பட்டு எடுக்கவா?

பதில்: வேண்டாம். அக்காவின் மகள் போட்டதைத் தோய்த்து நீலம் போட்டு உடுத்துங்கள். போன வருடம் எங்கள் வகுப்பில் அப்படி வந்த பிள்ளைதான் மந்திரம் எல்லாம் பாடமாக ஒப்பித்தது.

கேள்வி (மல்லாவி): ஆவணித் திருநாளுக்கு மடுவுக்கு நடந்து போக நேர்ந்திருக்கிறோம். எழுபத்தெட்டு வயது அம்மம்மாவும் நடந்துதான் வருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறா. ஆண்டவருக்கு நேர்ந்ததை மாற்றலாமா?

பதில்: நேர்ந்தது நீங்கள், அம்மம்மா இல்லை. அவவை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுங்கள். ஏறமாட்டேன் என்றால் மாதாவே நடந்து வரவில்லை என்று சொல்லுங்கள். 1670இல் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையில் இருந்து சனம் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு வந்ததுதானே அந்தச் சொரூபம். 2008 சித்திரையில் ஷெல்லுக்குப் பயந்து திரும்பவும் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்கு ஓடினோம், ஆவணியில்தான் மடுவுக்குத் திரும்பிவந்தது. தூக்கிக்கொண்டு போகப்படுவது குறைச்சல் இல்லை என்று அம்மம்மாவுக்கு விளங்கும்.

நீங்கள் விடியப்புறம் மூன்று மணிக்கு வெளிக்கிட்டு பத்து மணிக்குள் நிழலில் ஒதுங்குங்கள், கச்சான் காற்று முகத்தில் அனல் அடிக்கும். புதுச் செருப்புப் போடாதீர்கள். தண்ணீரை ஒருவரே சுமக்காமல் ஆளுக்கு ஒரு போத்தல் வையுங்கள். கொட்டில் போட்டுச் சமைக்கிறவர்கள் என்றால் உப்பும் நெருப்புப்பெட்டியும் இரண்டு தேங்காயும் கணக்குக்கு மேலே கொண்டு போங்கள். பக்கத்துக் கொட்டிலில் யாராவது ஒருத்தர் பொழுதுபட வந்து கட்டாயம் கேட்பார்.